பதினாறாம் நாளுக்குள் ஒரு பேர்

ஜூலை 20, 2025, ஞாயிறு

தம்பிக்குப் பெண் பிறந்து இன்று இரண்டாம் நாள். பதினாறாம் நாள் பேர் வைக்க வேண்டும். அது சரியாக ஆடிப்பெருக்கில் வருகிறது. காதில் பேர் சொல்லும் உரிமை அத்தைக்காரி எனக்கு. தம்பி செல்போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். முக்கால்வாசிப் பேருக்கு 'தேவதை', 'இளவரசி' என்றே பொருள் போட்டிருக்கிறது.

எங்கள் பக்கம் பட்டியலே தேவைப்பட்டதில்லை. ஊர்த் தாயார் பேர் வீட்டுக்குள் வந்துவிடும். திருக்கடையூரில் அபிராமி, மன்னார்குடியில் செங்கமலம், மாயவரத்தில் அபயாம்பாள். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டால் ஆரோக்கியமேரி. என் வகுப்பில் மட்டும் வைத்தீஸ்வரன்கோயில் தையல்நாயகிகள் மூன்று பேர். 'தையல் மெஷின்' என்று பையன்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருத்தி பேரையே மாற்றிக்கொண்டாள். தையல் என்றால் பெண், அழகு என்று எங்களுக்கு அன்று யாரும் சொல்லித் தரவில்லை. இன்றைக்கும் அது ஆறவில்லை எனக்கு.

ஜூலை 23, புதன்

அப்பாவின் அக்காவைப் பார்த்து வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடுகிறது, நடவு வேலை பாதி முடிந்திருக்கிறது. அத்தையின் பேர் போதும்பொண்ணு. ஐந்தாவது பெண்.

"எனக்கு அப்பறந்தான் உங்கப்பன் பொறந்தான். அதனால என் பேரு பலிச்ச பேருன்னு சொல்லுவாங்க. ஆனா கூப்புடுறப்ப எல்லாம் 'போதும் போதும்'னுதாம்மா என் காதுல விழும்" என்றார்.

எதிர்வீட்டு ஆயா பேர் குப்பம்மாள். எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றிக்கொண்டிருந்தது. இல்லை. முன்னால் பிறந்தவை தங்காமல் போனதால், பிறந்ததும் குப்பையில் புரட்டி எடுத்து அந்தப் பேர் வைத்தார்களாம். இன்னும் சில வீடுகளில் பிள்ளையை அடுத்தவருக்குக் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள், அது தவிட்டம்மாள். எமன் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கத்தான் இத்தனையும். குப்பம்மாள் என்பது பிழைத்துக்கிடக்க வேண்டும் என்று கெஞ்சி வைத்த பேர். அத்தைக்கு வைத்தது வேறு பிள்ளைக்காகச் செய்த வேண்டுதல். அந்த வேறு பிள்ளைக்குப் பிறந்தவள் நான். ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

தஞ்சாவூர். பெரிய கோயில் கல்வெட்டு வாசகத்தை அச்சுப்பிரதியாகக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றேன். ராஜராஜன் பல தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகள், கோயிலில் ஆடிய பெண்கள். தெரு, சிறகு (தெருவின் எந்தப் பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்திக்கும் எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, நூறு கலம் நெல். பேருக்கு முன்னால் 'நக்கன்', அதாவது சிவன்.

முதல் வீட்டில் சேரமங்கை. கொஞ்சம் தள்ளி எடுத்தபாதம். அப்படி ஒரு பெண் பேர்! 'இனித்தம் உடைய எடுத்த பொற்பாதமும்' என்று தில்லைக் கூத்தனை அப்பர் பாடினாரே, அந்தத் தூக்கிய திருவடி. அதையே பேராகச் சுமந்து ஒருத்தி இந்த ஊர்த் தெருவில் நடந்திருக்கிறாள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அவளை அம்மா வாசலில் நின்று எப்படிச் சுருக்கிக் கூப்பிட்டிருப்பாள் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன்.

ஜூலை 30, புதன்

பேர் அமைந்துவிட்டது, அதுவும் தம்பி பெண்டாட்டி வாயால். அவளுக்குத் திருவாரூர். "பரவைன்னு வைக்கலாமா அண்ணி?" என்றாள். பரந்து கிடப்பது, கடல். சுந்தரர் மணந்த ஆரூர்ப் பரவை. இன்னொரு பரவையும் உண்டு, ராஜேந்திர சோழனின் அனுக்கி, அவனுக்கு நெருக்கமான பரவை நங்கை. ராஜேந்திரனும் அவளும் ஆரூர்க் கோயிலில் சேர்ந்து நின்ற இடம் தெரிய ஒரு குத்துவிளக்கு வைத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது.

'பறவை' என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள் என்று தம்பிக்குக் கவலை. பிறப்புப் பதிவில் பேர் சேர்க்க 12 மாதம் கட்டணமில்லை. பக்கத்தில் நின்று சின்ன 'ர' போடச்சொல்வேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

காலையில் மாயவரத்துக் காவிரித் துலாக்கட்டத்தில் காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தோம். பேர் சொல்லும் நேரம் பிள்ளையை வாங்கி அத்தை மடியில் வைத்தேன்.

"உன் மொறைம்மா இது. என் வாயால எதுக்கு?"

"நீங்கதான் அத்தை சொல்லணும்."

குனிந்து, காதருகே, மூன்று முறை சொன்னார். பரவை, பரவை, பரவை. தம்பி பிள்ளையை வாங்கக் கை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. மறுபடியும் குனிந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.