இரவுக் கடல்: தைலவண்ண நாட்குறிப்பு

ஜனவரி 5
60 × 90 செ.மீ. கித்தான். வெள்ளைப் பூச்சின் மேல் பர்ன்ட் அம்பர் என்னும் பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துத் தடவி, துணியால் துடைத்தாயிற்று. அடியில் பழுப்பு இல்லாவிட்டால் இரவின் நீலம் சாயம் போலத்தான் நிற்கும். தொடுவானம் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில்.

ஜனவரி 7
வானம், ஒரே அமர்வில். பாதியில் நிறுத்தினால் உலர்ந்த ஓரம் கோடாகத் தெரியும். நிலவைச் சுற்றிய ஒளியும் ஈரத்தோடு ஈரமாகக் குழைந்தால்தான் கரைந்து பரவும். பிரஷ்யன் நீலத்தைக் கடுகளவாகச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் மற்ற நிறங்களை விழுங்கிவிடும்.

ஜனவரி 15
வானம் தொட்டால் ஒட்டவில்லை. இனி நிலவின் ஒளிப்பாதை. இது நிலவுக்கு நேர் கீழே இறங்கிப் பார்ப்பவரை நோக்கியே வரும். சாய்த்து வரைந்தால் கடல் சரிந்துவிடும். தொலைவில் ஒளித்திட்டுகள் நெருங்கி ஒரே தகடாகின்றன, அருகில் பிரிந்து சிதறுகின்றன. அலை கூடக் கூடப் பாதை அகலமாகும், ஏனென்றால் பக்கவாட்டில் சாய்ந்த நீர்முகங்களும் ஒளியைத் திருப்பி அனுப்பும். சம இடைவெளியில் கோடு போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. ஏணிப்படி போலாகி, கடலின் வலிமை முழுதும் போய்விடும்.

ஜனவரி 16
ரஷ்யக் கடல் ஓவியர் ஐவஸோவ்ஸ்கி (1817–1900) கருங்கடலோர ஃபியோடோசியாவில் பிறந்தவர். அலை ஓவியனுக்காக நிற்காது என்பதால் பட்டறையில் நினைவிலிருந்தே தீட்டினார். 1850-இன் ‘ஒன்பதாம் அலை’ 221 × 332 செ.மீ.; புயலிரவு கழிந்த விடியல் அது. அதில் கதிரவனுக்கும் நமக்கும் இடையே எழும் அலையின் மெல்லிய முகடு பச்சையாக ஒளிர்கிறது, அடி இருண்டு கிடக்கிறது. அலையின் கனத்தை நம்பவைப்பது இந்த இருட்டுதான். நிலவொளிக்கும் இதே விதி.

ஜனவரி 24
அலை முகடு: டைட்டானியம் வெள்ளையில் துளி நேப்பிள்ஸ் மஞ்சள், தடிப்பாக.

பிப்ரவரி 9
தடிப்பு நன்றாக உலர்ந்தபின், ஆளிவிதை எண்ணெயில் கரைத்த விரிடியன் பச்சை மெல்லிய படலமாக. அவசரப்பட்டால் வெள்ளை கிளம்பிக் கலந்து, சுண்ணாம்புப் பச்சையாகும். மேலடுக்கில் எண்ணெய் கீழடுக்கைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். மாறினால் வெடிப்பு விழும்.

பிப்ரவரி 12
உண்மை நிலவின் பிரகாசம் எந்த வெள்ளைச் சாயத்துக்கும் கிடையாது. அதனால் முழு வெள்ளை நிலவிலும் பாதையின் சில பொட்டுகளிலும் மட்டும். நுரைக்குச் சாம்பல் நீலம் போதும். நுரையையும் வெளுத்தால் நிலவு அணைந்துவிடும். இறுதி வார்னிஷ் ஆகஸ்டில்.