ஐந்து மாதப் பாதுகாப்பும் இரண்டு மழைக்காலமும்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். ஆனி மாதச் சாரல் பிடித்துவிட்டால் இளைப்போடு வரும் கைக்குழந்தைகளுக்குக் குறைவிருக்காது. பாலை இரண்டு வாய் இழுத்ததும் மூச்சு வாங்கி விட்டுவிடும். சட்டையைத் தூக்கினால் விலாவுக்குக் கீழே தோல் குழிந்து குழிந்து எழும். முழு நிமிடம் மூச்சை எண்ணுவோம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ஐத் தொட்டால் கவலைதான். பக்கத்தில் பாட்டி, "மக்களே, ஒரு மடக்குக் குடி" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்.

பெரும்பாலும் காரணம் மூச்சுப்பாதையைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். ஆன்டிபயாட்டிக் அதனிடம் எடுபடாது. மூக்கில் உப்புநீர், சளியை உறிஞ்சுவது, ஆக்சிஜன், தேவைப்பட்டால் டிரிப்ஸ். எங்கள் கையில் இருப்பது இவ்வளவுதான். அதனால் வருமுன் காக்கும் ஊசிகளின் சோதனைகளை விடாமல் படிக்கிறேன்.

1960-களில் இந்த வைரஸுக்கென அமெரிக்காவில் சோதித்த தடுப்பூசி, போட்டுக்கொண்ட குழந்தைகளுக்கே நோயைக் கடுமையாக்கியது, இருவர் இறந்தனர். குழந்தையின் உடலைப் பழக்காமல், எதிர்ப்புப் புரதத்தை நேராகவே கொடுப்பது இன்னொரு வழி. 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாலிவிசுமாப் அப்படிப்பட்டதுதான். ஆனால் மாதம் ஒரு ஊசி. குறைமாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளச்சலிலிருந்து மழையில் பஸ் மாறி மாதாமாதம் வரச்சொல்ல எனக்கு மனம் வராது. அதே வகையில் பிறகு வந்த நிர்சேவிமாப் உடலில் நெடுநாள் தங்கும்படி திருத்தி அமைக்கப்பட்டது. ஒரே ஊசி போதும். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனியில் 8,058 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களில் 11 பேரும் போடாத பாதியில் 60 பேரும் ஆர்.எஸ்.வி.யால் மருத்துவமனையில் சேர்ந்தனர். நலமாக இருக்கும் பிள்ளையை ஆய்வுக்கு ஒப்படைத்த அந்தப் பெற்றோர் அத்தனை பேருக்கும் நான் கடன்பட்டவள்.

ஆனால் இந்த வைரஸால் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் 97 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்கிறது 2019-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு. ஊசியின் பாதுகாப்பு சுமார் ஐந்து மாதம். ஐரோப்பாவின் ஒற்றைக் குளிர்காலத்துக்கு அது சரியாகப் பொருந்துகிறது. குமரி மாவட்டத்திலோ ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் ஐப்பசியில் வடகிழக்கு. டிசம்பர் வரை ஈரம்தான். ஜூன் தொடக்கத்தில் போட்ட ஊசி, ஐப்பசி அடைமழையின் நடுவிலேயே வலுவிழந்துவிடும். மே மாதம் பிறந்த குழந்தைக்கு அதை எப்போது போடுவது? பிறந்தவுடனா, ஐப்பசிக்கு முன்பா?

எந்த மாதத்தில் இந்த வைரஸ் இங்கே ஓங்குகிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எங்கள் வார்டில் மூக்குச் சளியைப் பரிசோதனைக்கு அனுப்புவது அபூர்வம். செலவு அதிகம், முடிவு எதுவானாலும் சிகிச்சை மாறாது என்பதால் மருத்துவர்கள் எழுதுவதில்லை. அவர்கள் நியாயம் புரிகிறது. ஆனாலும் அந்தச் செலவை அரசு ஏற்று, இரண்டு மழையிலும் மாதிரி எடுக்க வேண்டும். குழந்தை பிறந்த மாதத்தையும் சேர்த்தே பதிய வேண்டும்.