கோபக்காரப் படங்களை மாட்டும் முறை

சமூகத்தைச் சாடும் ஓவியங்களை நெருக்கி மாட்டாதீர்கள். ஒன்றின் குரலை இன்னொன்று அமுக்கிவிடும். 1937-இல் மியூனிக்கில் நாஜிகள் இதைத் தெரிந்தே செய்தார்கள்: சுமார் 650 நவீனப் படைப்புகளை நெரிசலாகத் தொங்கவிட்டு, சுவரிலேயே ஏளன வாசகங்களை எழுதிவைத்தார்கள். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

படத்தின் மையம் தரையிலிருந்து 145–150 செ.மீ. உயரத்தில் இருப்பது வழக்கம். ஆளுயர உருவம் என்றால் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, வரைந்த கண்களைப் பார்ப்பவரின் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் அந்த முகம் நேருக்கு நேர் கேள்வி கேட்கும்.

விளக்கு செங்குத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்கட்டும். கத்தியால் அப்பிய எண்ணெய் வண்ணத்தில், விளக்கு சுவரை ஒட்டிவிட்டால் ஒவ்வொரு மேட்டுக்கும் கீழே நிழல் நீளும். மிகவும் தள்ளிப்போனால் பளபளப்பு கண்ணைக் கூசும். எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும், தாளில் தீட்டிய நீர்வண்ணத்துக்கு 50.

தடித்த வண்ணம் மேலே காய்ந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் இளகியே இருக்கும். எடுத்துச்செல்வதற்காக பபிள் ராப்பை (காற்றுக்குமிழ் உறையை) நேரடியாகச் சுற்றினால் வட்டம் வட்டமாகத் தடம் பதிந்துவிடும், அழிக்க முடியாது. மூலைகளில் மட்டும் முட்டுக்கொடுத்து, முகப்பில் எதுவும் படாமல் பெட்டியில் வையுங்கள்.