மிதக்க வேண்டிய பெட்டி நின்றுபோனது ஏன்

கோயம்புத்தூரில் மூன்று பேராகச் சேர்ந்து, ஆளுக்கொரு கம்ப்யூட்டரிலிருந்து இருவர் கூடி ஆடும் விண்வெளிப் புதிர் விளையாட்டு ஒன்றை, கோடோ 4.3 என்கிற கேம் எஞ்சினில் செய்து முடித்தோம். ஈர்ப்பில்லாத நிலையம், ஒரே கயிற்றில் கட்டப்பட்ட இரண்டு வீரர்கள், 24 அறைகள். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு எங்கெல்லாம் நாள் போகும் என்று சொல்லிவிடுகிறோம்.

கோடோவின் 3டி ப்ராஜெக்டில் ஈர்ப்பு 9.8 என்று இருக்கும். அதை 0 ஆக்கியதும் விண்வெளி வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் நகர்வையும் சுழற்சியையும் மெல்லக் குறைக்கும் லீனியர் டேம்ப், ஆங்குலர் டேம்ப் இரண்டும் 0.1-ல் இருக்கின்றன, தள்ளிவிட்ட பெட்டி தானாக வேகம் குறைவது அதனால்தான். அவற்றையும் 0 ஆக்கிய பிறகும், மெல்ல நகரும் பெட்டி நடுவழியில் சட்டென்று நிற்கும். நெட்வொர்க் கோளாறு மாதிரியே இருக்கும், அங்கே தேடாதீர்கள். வேகம் நொடிக்கு 0.1 மீட்டருக்குக் கீழே போய், சுழற்சியும் குறைந்து, அரை நொடி கழிந்தால் எஞ்சின் அந்தப் பொருளைத் தூங்க வைத்துவிடுகிறது. தரையில் கிடக்கிற பெட்டிக்கு அது சரி. மிதக்கிற ஒவ்வொரு ரிஜிட்பாடியிலும் (இயற்பியல் விதிப்படி நகரும் பொருள்) 'கேன் ஸ்லீப்' அணைந்திருக்க வேண்டும்.

வீரரையும் ரிஜிட்பாடியாகவே வையுங்கள். கேரக்டர்பாடியில் (நம் நிரல் சொன்னபடி மட்டும் நகரும் பொருள்) எழுதினால் தள்ளியவர் பின்னால் போகமாட்டார், போனால்தான் புதிரே இருக்கிறது. 80 கிலோ வீரர் 40 கிலோ பெட்டியை நொடிக்கு 2 மீட்டரில் தள்ளினால் அவர் 1 மீட்டர் வேகத்தில் பின்வாங்குவார். கூட்டாளி அவரைப் பிடித்துக்கொண்டால் அது அரை மீட்டராகிறது. எங்கள் அறைகளில் பாதி இந்த ஒரு கணக்கில்தான் நிற்கின்றன.

கயிற்றை ஜாயின்ட் (இரு பொருளை இணைக்கும் மூட்டு) சங்கிலியாகக் கோர்க்க வேண்டாம். கண்ணிகள் இலேசு, முனையில் தொங்குகிற ஆள் கனம். அந்த வித்தியாசத்தில் சங்கிலி ரப்பராக நீண்டு, பிறகு வெடித்துச் சிதறும். ஒரே விதி போதும்: தூரம் 6 மீட்டரைத் தாண்டினால், விலகுகிற வேகத்தை எடைக்கேற்ப இருவரிடமும் கழித்துவிடுவது. கண்ணுக்குத் தெரிகிற கயிறு 16 புள்ளி வெர்லே, அதாவது ஒவ்வொரு புள்ளியையும் அதன் முந்தைய இடத்தை வைத்து நகர்த்தும் முறை. அதை அவரவர் கம்ப்யூட்டரே வரைந்துகொள்ளும். நெட்வொர்க்கில் அனுப்பத் தேவையில்லை.

நெட்வொர்க்கை முதல் வாரமே எழுதுங்கள். ஒருவர் ஆட்டமாக முடித்துவிட்டு அப்புறம் சேர்க்கப் போனால் பாதியைத் திரும்ப எழுதுவீர்கள். இரண்டு மெஷினில் இயற்பியல் ஒரே விடையைத் தராது; ஆகவே ஹோஸ்ட், அதாவது ஆட்டத்தை நடத்தும் கம்ப்யூட்டர், மட்டும் கணக்கிட, மற்றவர் தன் பட்டன்களை மட்டும் அனுப்புகிறார். நொடிக்கு 20 முறை நிலையை அனுப்பி, 100 மில்லிநொடி தாமதித்துக் காட்டினால் அசைவு வழுவழுப்பாக இருக்கும். தன் வீரர் மட்டும் உடனே நகர வேண்டும். ஒரே வைஃபையில் எல்லாமே ஓடும். ஒருவர் பீளமேட்டில், ஒருவர் பெருந்துறையில், இருவருக்கும் செல்போன் ஹாட்ஸ்பாட் என்றால் இணைப்பே கிடைக்காது. ஒரே பொது ஐபிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பேர் இருப்பதால் வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வர போர்ட் திறக்க வழியில்லை. விளையாட்டு விற்கும் தளமான ஸ்டீமின் ரிலே (இடையில் நின்று கடத்தும்) சர்வர் வழியாகப் போனால் தீரும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளில் ஹோஸ்ட் அணைந்துபோகும் என்பதால், அறையின் நிலையை இரு பக்கமும் சேமித்தோம்.

புதிர் வடிவமைப்பில் பெரிய எதிரி சும்மா நிற்கிற ஆள். ஏழாம் அறையில் ஒருவர் வால்வைப் பிடித்திருக்க, மற்றவர் 40 நொடி சுற்றி வருவார். பிடித்திருந்தவர் போனை எடுத்துவிட்டார். அழுத்தமானியை வால்வுக்காரர் மட்டும் பார்க்கும்படி வைத்ததும் அறையில் பேச்சு வந்தது:

"ஏனுங்க்கா, முள்ளு எத்தனைல நிக்குது?"

"மூணு. பொறு தம்பி, இன்னும் தொறக்காத."

உராய்வு இல்லாததால் தவறவிட்ட சாவி திரும்பி வராது. பத்து நொடி யார் கையிலும் இல்லையென்றால் காந்தம் அதை அதன் இடத்துக்கு இழுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். நடு அறையில் வேகமில்லாமல் மாட்டிக்கொண்ட ஆளை மட்டும் நாங்கள் காப்பாற்றவில்லை; கையிலிருப்பதை எறியட்டும், இல்லையென்றால் கூட்டாளி கயிற்றை இழுக்கட்டும்.

தமிழ் எழுத்து கோடோ 3-ல் உடையும், 4-ல் சரியாக வரும். ஆனாலும் எழுத்தெழுத்தாகத் தோன்றும் வசனத்தில் 'கொ' வரும்போது முதலில் 'க' வந்து, பிறகு அதன் முன்னால் கொம்பு குதித்து நிற்கும், வரி முழுக்க ஆடும். லேபிளில் 'விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்' என்பதை ஷேப்பிங்குக்குப் (எழுத்துகளைச் சேர்த்து வடிவமாக்குவது) பிறகு என்று மாற்ற வேண்டும்.

ஸ்டீம் கட்டணம் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் திரும்ப வரும். கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்தே வெளியிட முடியும், 'விரைவில்' பக்கம் குறைந்தது 2 வாரம் இருக்க வேண்டும். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகை கேட்டால், அமெரிக்க விற்பனையில் 30 சதவீதப் பிடித்தம் 15 ஆகிறது. ஸ்டீமின் டெமோ திருவிழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்டில் ஒரு விளையாட்டுக்கு ஒரே வாய்ப்புதான். டெமோவை ஏற்றும் முன் இரண்டு ஹாட்ஸ்பாட் வைத்து முழுசாக ஒருமுறை ஆடிப் பாருங்கள்.