ஒரு மீட்டர் கிளைடர்: இறக்கை, வால் குழாய், முளை

கையால் சுழற்றி எறியும் கிளைடர் ரேடியோவால் இயக்கும் சிறு மாதிரி விமானம்; அதற்கு உந்தும் மோட்டார் கிடையாது. வட்டு எறிபவரைப் போல உடம்பைச் சுழற்றி, இறக்கை நுனியில் உள்ள சிறு முளையை விரல்களால் பற்றி வீசுகிறோம். வலக்கைக்காரருக்கு முளை இடது நுனியில் இருக்கும். அதன் பிறகு எல்லாம் காற்றின் பொறுப்பு. எஃப்3கே எனப்படும் சர்வதேசப் போட்டிப் பிரிவில் இறக்கை நீளம் 1.5 மீட்டருக்கும் எடை 600 கிராமுக்கும் மேல் போகக் கூடாது. நான் செய்வது அதைவிடச் சிறியது: நுனிக்கு நுனி ஒரு மீட்டர், ரேடியோ ரிசீவர், பேட்டரி, இறக்கை வால் மடிப்புகளை அசைக்கும் சர்வோ எல்லாம் சேர்த்து சுமார் 160 கிராம்.

இந்த அளவில் பறக்கும்போது இறக்கைக்குப் பெரிய வேலை இல்லை. எறியும் அந்த ஒரு நொடிதான் சோதனை. அதைத் தாங்குவதற்காகக் கண்ட இடத்திலெல்லாம் பசையும் துணியும் பூசினால், தாங்கும், ஆனால் மிதக்காது. எந்த இடம் முதலில் தளர்கிறது என்று பார்த்து, அங்கே மட்டும் கொடுப்பதுதான் இந்த வேலையின் சாரம். ஓர் இடம் உறுதியானதும் பளு அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகிறது. நானும் அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன்.

முதலில் தளர்ந்தது இறக்கையின் மேற்புறம். மொட்டைமாடி வெப்பத்தடுப்புக்கு விற்கும் எக்ஸ்பிஎஸ் ஃபோம் அட்டையை நிக்ரோம் கம்பியைச் சூடாக்கி அறுத்து, மேலும் கீழும் சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸிப் பசையில் ஒட்டியிருந்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மாலை வெயிலில் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: உடலிலிருந்து நான்கு விரல் தள்ளி, முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு நோக்கி முடி பருமனில் ஒரு சுருக்கம். நகத்தால் தடவினால் மெல்லத் தடுக்கியது. கீழ்ப்புறம் சுத்தமாக இருந்தது. கிளைடர் மேலே ஏறும்போது இறக்கை மேல்நோக்கி வளைகிறது. அப்போது கீழ்ப்புறம் இழுபடுகிறது, மேற்புறம் அமுங்குகிறது. மெல்லிய தோல் இழுப்பைத் தாங்கும், அமுக்கத்தில் மடிந்துவிடும். ஆகவே வலுவை மேலும் கீழும் சமமாகப் பங்கிடுவதில் பொருளில்லை.

12,000 இழைகள் கொண்ட கார்பன் நூல் மீட்டருக்கு 0.8 கிராம்தான். இறக்கை மிகத் தடித்திருக்கும் கோட்டில், துணிக்கு அடியில், மேலே இரண்டு நூல்களும் கீழே ஒன்றும் பதித்தேன். மேலே உள்ள இரண்டில் ஒன்று பாதித் தூரத்தில் நின்றுவிடும், ஏனென்றால் நுனியை நோக்கிப் போகப் போக வளைக்கும் விசை குறைகிறது. நூலை முறுக்காமல், பட்டையாக விரித்து, இழுத்துப் பிடித்து வைப்பது முக்கியம். அலையாகக் கிடக்கும் கார்பன் அமுக்கத்தின்போது அந்த அலை இருக்கும் இடத்திலேயே ஒடியும்.

வளைவு நின்றதும் முறுக்கம் தலைகாட்டியது. எறிந்த கணத்தில் ‘பர்ர்’ என்று ஒரு சத்தம். இறக்கையும் அதன் பின்விளிம்பு மடிப்பும் காற்றில் படபடக்கும் ஒலி அது. இந்தச் சத்தத்தை அலட்சியப்படுத்தவே கூடாது. நெசவில் ஊடும் பாவும் இறக்கையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் இணையாக இருந்தால் முறுக்கத்தை எதிர்க்க எந்த இழையும் சரியான திசையில் இல்லை. அதே துணியைக் குறுக்காக வெட்டி 45 பாகையில் ஒட்டினால் எடை ஒரு கிராம்கூடக் கூடாமல் விறைப்பு கூடுகிறது. நுனியில் ஒரு குச்சியைக் கட்டி, அதன் முனையில் 100 கிராம் தொங்கவிட்டு எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது. இலவசமாகக் கிடைக்கும் வலு இது ஒன்றுதான். சர்வோவிலிருந்து மடிப்புக்குப் போகும் கம்பியில் இருந்த ஆட்டத்தையும் போக்கிய பிறகு சத்தம் அறவே நின்றது.

எடை விஷயத்தில் எனக்குப் பெரிய உதவி பக்கத்துக் கொலுசுப் பட்டறைத் தராசு. கிராமில் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டும். “வெள்ளிக்குக்கூட நான் இவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை தம்பி” என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்கார அண்ணன் இடம்விட்டுத் தருவார். துணியின் எடை எவ்வளவோ அவ்வளவே பசை; அதற்கு மேல் இருந்தால் டிஷ்யூ காகிதத்தை வைத்து ஒற்றி எடுக்கிறேன். இப்போதைய இறக்கை 58 கிராம்.

பசையைப் பற்றி சேலத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எபாக்ஸியில் வெப்பம் 10 பாகை கூடினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் பகலில் கலக்கினால் துணியை விரித்து முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே கெட்டியாகிச் சூடேறும். விடியற்காலையில், மெதுவாக இறுகும் ஹார்ட்னர் சேர்த்து, கலவையை அகலமான தட்டில் ஊற்றி வேலை செய்கிறேன். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி 50, 60 பாகையில் மறுபடி இளகத் தொடங்கும். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம், இறக்கை முறுக்கிக்கொள்ளும். அதனால் மேற்புறம் வெள்ளை வண்ணம், பயணத்துக்கு வெள்ளிநிறப் பை.

அடுத்தது உடலையும் வாலையும் இணைக்கும் வால் குழாய். முளையை விட்ட கணத்தில் கிளைடர் சுழன்ற வேகத்திலேயே தொடர்ந்து திரும்பப் பார்க்கும். அதை நேராக்குவது செங்குத்து வால். அந்த உதறல் முழுவதும் குழாய்க்குப் பக்கவாட்டு வளைவாகவும் முறுக்கமாகவும் வந்து சேர்கிறது. கடையில் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் கார்பன் குழாயில் எல்லா இழைகளும் நீளவாட்டில்தான் ஓடுகின்றன. வளைவைத் தாங்குகிறது, முறுக்கத்தில் மூங்கில் பிளப்பதுபோல் நெடுகப் பிளக்கிறது. தூண்டில் கம்பின் மேல்துண்டு இதைவிட நல்லது: கூம்பு வடிவம், சுற்றிலும் இழை உண்டு, வால் பக்கம் தானாகவே எடை குறைகிறது. செங்குத்து வாலைக் குழாய்க்கு மேலே மட்டும் வைக்காமல் பாதி மேலும் பாதி கீழுமாக வைத்தால் முறுக்கமே பெரும்பாலும் சமன்பட்டுவிடுகிறது.

வாலில் எதைச் சேர்ப்பதானாலும் கணக்குப் பார்க்க வேண்டும். வால், எடைமையத்திலிருந்து 50 சென்டிமீட்டர் பின்னால்; மூக்கில் ஈயம் வைக்கும் இடம் 20 சென்டிமீட்டர் முன்னால். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் இரண்டரை கிராம். சர்வோக்களை மூக்கில் வைத்து, வாலுக்குத் தள்ளுகம்பிக்குப் பதில் ஒரு பக்கம் நூல், மறுபக்கம் சிறு ஸ்பிரிங் என்று மாற்றியது இதற்காகத்தான்.

முளை சிறிய பொருள், ஆனால் கிளைடரின் மொத்தச் சுமையும் அதில்தான். வெறுமனே நுனியில் ஒட்டினால் ஃபோமைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். நுனியில் மெல்லிய பிளைவுட் துண்டைப் பதித்து, 3 மில்லிமீட்டர் கார்பன் குச்சியை அதில் செருகி, கெவ்லார் நூலால் சுற்றி, அந்த நூலின் வால்களை இறக்கைத் தோலின் மேல் விசிறியாக விரித்து ஒட்டுகிறேன். மேலே கண்ணாடித் துணியில் ஒரு சிறு ஒட்டு. இத்தனைக்கும் 2 கிராமுக்குள்தான் ஆகிறது.

பறக்கவிடுவது அதிகமும் ஏற்காட்டில். ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் இருப்பதால் அந்தத் திசைக்கே போவதில்லை. எங்கே போனாலும் ட்ரோன் பறக்கத் தடையுள்ள இடங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முன்பே பார்த்துவிடுகிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பைக்கில் குலுங்கி வருவதால் இறக்கையை இரண்டு நைலான் போல்ட்டுகளால் கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறேன். தரையில் மோதினால் அவை அறுந்து இறக்கையைக் காப்பாற்றும். எஃகு போல்ட் அந்த அடியை ஃபோமுக்குக் கொடுத்துவிடும்.

சேர்வராயன் கோயில் பக்கத்து மேட்டில், ஆட்கள் இல்லாத ஓரமாக எறிகிறேன். 1,600 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறக்குறைய 12 சதவீதம் குறைவு. அதனால் அதே கிளைடர் மிதக்க 6, 7 சதவீதம் கூடுதல் வேகம் கேட்கிறது. இறங்கும்போதும் அந்த வேகத்தோடே வருகிறது. கீழே பழகிய கைக்கு இது முதலில் புதிதாக இருக்கும். காப்பித் தோட்டச் சரிவு பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது அவசியம்: மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் உச்சியில் மாட்டினால் எடுக்க வழியில்லை. முற்பகலில் பருந்து சிறகடிக்காமல் வட்டமிடும் இடத்துக்கு நேர் கீழே கொண்டுபோனால், அந்த 160 கிராமும் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிகிறது. மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பான எலிவேட்டரைத் தொடவே வேண்டியிருக்காது.

இப்போது பளு போய் நிற்கும் இடம் இறக்கையும் உடலும் சேரும் மேடை. போல்ட் துளையைச் சுற்றிக் கீழ்த்தோல் வெளுத்துவருகிறது. அடுத்த இறக்கையில் அங்கே ஃபோமைக் குடைந்து, பால்சா கட்டையின் ரேகையைச் செங்குத்தாக நிறுத்திப் பதிக்கப் போகிறேன், அதற்கு 1.5 கிராம் ஒதுக்கியிருக்கிறேன். அதில் கொஞ்சத்தையாவது ஈடுகட்ட நுனிப் பக்கத்துக் கீழ் நூலைக் கால் பாகம் முன்னதாகவே நிறுத்திப் பார்க்கலாம் என்று எண்ணம்.