பெரட்டு

ஈப்போவில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். "நாளைக்கு சுங்கை சிப்புட்ல இணையத் தமிழ்க் கூட்டம் இருக்கு, வர்றீங்களா?" என்று கேட்டார். மலேசியா வந்து தோட்டத்து ஊர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லையே என்ற குறை எனக்கு இருந்தது. சரி என்றேன்.

வண்டியில் அரை மணி நேரம். சுண்ணாம்புக்கல் மலைகள் பின்னால் போனதும் வழியெல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. ரப்பர் மரத்தைக் காணோமே என்றேன். "பால்மரத்த வெட்டிட்டு செம்பனை போட்டாச்சு. சனங்களும் தோட்டத்த விட்டு தாமானுக்கு வந்துட்டாங்க." தாமான் என்றால் குடியிருப்புப் பகுதி. தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறிய காலத்தில், 1960இல், தொழிலாளர்களிடமே பங்குப் பணம் சேர்த்து, தோட்டம் வாங்குவதற்காகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் சுங்கை சிப்புட்.

கூட்டம் ஒரு கோயில் மண்டபத்தில். நாற்பது பேர் இருக்கலாம், பாதிக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். நடத்திய தம்பி முதலில் எல்லார் ஃபோனிலும் தமிழ் விசைப்பலகையை ஏற்றிக் கொடுத்தார். அப்புறம் கொஞ்சம் வரலாறு. கணினியில் தமிழ் தட்டும் முரசு 1985இல் வந்தது, கைபேசியில் தட்டும் செல்லினம் 2005இல். இரண்டையும் செய்தவர் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். எனக்கும் முதன்முதலில் தமிழில் தட்டக் கிடைத்தது முரசுதான். அந்த நாட்டிலேயே உட்கார்ந்து இதைக் கேட்டபோது மனம் நிறைந்துவிட்டது.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்துக் கணக்கர்) ஒருவர் பென்டிரைவ் கொண்டு வந்திருந்தார். தொண்ணூறுகளில் தட்டி வைத்த தோட்டத்துக் குறிப்புகள். திறந்தால் கிறுக்கல். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்த பழைய எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லையென்றால் வெறும் குறிகள்தான். தம்பி அதை யூனிகோடுக்கு மாற்றினார். முதல் வரி தமிழாக வந்ததும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

என் பக்கத்தில் ஒரு பாட்டி. முப்பது வருஷம் பால்மரத்தில் கோடு கீறிப் பால் எடுத்தவர். உளி பிடித்த விரல், திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தியது. 'பெரட்டு' என்று தட்டினார். ஃபோன் 'புரட்டு' என்று மாற்றியது. அழித்துவிட்டு மறுபடி தட்டினார், மறுபடியும் புரட்டு.

"தம்பி, இதுக்கு பெரட்டு தெரியாதா?"

எனக்கும்தான் தெரியாது. விடியுமுன் எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் இடமாம். அவ்வளவு இருட்டில் எதற்கு என்றேன். "வெயில் ஏறுனா பால் நின்னுரும். குளிர்ச்சியிலதான் ஓடும்."

ஃபோன் எடுத்துக் கொடுக்கும் சொற்களெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டவற்றிலிருந்து சேர்த்தவை. பத்திரிகைத் தமிழும் சினிமாத் தமிழும் அதற்குத் தெரியும். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், காண்டா எல்லாம் எழுதியவர் குறைவு, அதனால் தெரியவில்லை. இந்தச் சொற்களோடு வாழ்ந்தவர்கள் அந்த மண்டபத்தில்தான் இருந்தார்கள். அவர்கள் எழுதாமல் போனால் வேறு யார் எழுதப்போகிறார்கள்? இதைத் தம்பியிடம் சொன்னேன். அவர் உடனே மைக்கை எடுத்து, ஆளுக்குப் பத்துத் தோட்டத்துச் சொல் எழுதி, பொருளும் சேர்த்துக் குழுவில் அனுப்பச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் மண்டபத்தில் ஒரே சத்தம். ஒரு சொல்லுக்கு மூன்று தோட்டத்துக்காரர்கள் மூன்று பொருள் சொன்னார்கள்.

நாலைந்து முறை தட்டிய பிறகு பாட்டியின் ஃபோனில் பெரட்டு தானாகவே வந்தது. என்னிடம் திருப்பிக் காட்டினார். அடுத்தது காண்டா.

"ரெண்டு பக்கமும் பால்வாளி கட்டித் தோள்ல தூக்குற கம்பு. உங்க ஊர்ல என்னம்பீங்க?"

"காவடி, பாட்டி."

"முருகனுக்கு எடுக்குற காவடியா?" என்று கேட்டு, கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு காண்டாவுக்குப் பக்கத்திலேயே அதையும் தட்டத் தொடங்கினார்.