ஐவி கொடியை இலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்

இங்கிலாந்தில் பழைய சர்ச் சுவர், ஓக் மரம், ரயில்பாதை ஓரம் என எங்கும் படர்ந்து கிடக்கும் பசுமைமாறாக் கொடி ஐவி. தாவரவியல் பெயர் ஹெடெரா ஹீலிக்ஸ். 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் இது. ஜின்செங் மூலிகை சேர்ந்திருக்கும் அராலியேசிதான் இதன் குடும்பமும்.

இதில் பலரும் தடுமாறக் காரணம், ஒரே கொடியில் இரண்டு விதமான இலைகள் இருப்பதுதான். தரையிலும் சுவரிலும் ஊர்ந்து ஏறும் தண்டில் 3 முதல் 5 மடல் (விரல்போலப் பிரிந்த பகுதி) உள்ள இலைகள். நரம்புகள் வெளிறித் தெரியும். உயரே போய் வெயில் கண்டதும் தண்டு பற்றுவேர் விடுவதை நிறுத்திவிட்டுப் புதர்போல நிமிரும். அங்கே மடலே இல்லாத, நுனி கூரான முட்டை வடிவ இலைகள். பூப்பது இந்தக் கிளைகளில் மட்டுமே. இதில் குச்சி வெட்டி நட்டால் பெரும்பாலும் ஏறாது, புதராகவே நிற்கும்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் சிறு பூக்கள், உருண்டைக் குடைக்கொத்தாக வரும். மற்ற பூக்கள் ஓய்ந்த அந்தப் பருவத்தில் தேனீக்களுக்கு இது பெரிய ஆதாரம். கறுப்புக் கனிகள் குளிர்காலக் கடைசியில் பழுக்கும். பறவைகள் தின்னும், நமக்கு நஞ்சு.

இதை ஹெடெரா ஹைபெர்னிகா என்ற அட்லாண்டிக் ஐவியிலிருந்து பிரிப்பதுதான் நிஜமான சோதனை. இலையின் அளவும் வடிவமும் ஏமாற்றும். இளந்தளிரைப் பறித்து, 10 அல்லது 20 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் மயிர்களைப் பாருங்கள். வெள்ளையாக, நட்சத்திரம்போலக் கிளைத்து மேலெழும்பி நின்றால் ஹீலிக்ஸ். மங்கலான பழுப்பு மஞ்சளில், இலையோடு ஒட்டிப் படுத்திருந்தால் ஹைபெர்னிகா. முற்றிய இலையில் மயிர் உதிர்ந்திருக்கும், அதை வைத்துக்கொண்டு பயனில்லை.

மூன்று சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை என்றால் அது அமெரிக்காவின் பாய்ஸன் ஐவியாக இருக்கலாம், தொடாதீர்கள். இலையுதிர்காலத்தில் சிவந்து கொட்டி, ஒட்டும் வட்டுகளால் சுவரைப் பற்றுவது பாஸ்டன் ஐவி. அது திராட்சைக் குடும்பம்.

ஐவி ஒட்டுண்ணி அல்ல. பற்றுவேர் பிடிப்புக்கு மட்டும்தான், மரத்தின் சாற்றை உறிஞ்சாது. உறுதியான சுவரை அது கெடுப்பதில்லை. ஏற்கெனவே காரை உதிர்ந்த விரிசலில் வேர் நுழைந்து தடித்தால்தான் சேதம். வெட்டும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். சாற்றிலுள்ள ஃபால்காரினால் என்ற வேதிப்பொருள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும்.